மட்காட்டில் நானூறு கிலோ

எழுத வருகிறவர்கள் முதலில் தங்கள் தகுதியைச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு புத்தகத்தை மூடியவள் நான். அதிலும் விஞ்ஞானத்தில் தட்டுத்தடுமாறித்தான் சித்தியடைந்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருத்தி, நாலு பேர் வாசிக்கட்டும் என்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத வைத்தது என் மகனுடைய தரம் பத்து விஞ்ஞானப் புத்தகம். போன கிழமை அவன் குசினி வாசலில் இருந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு பொருள் தரையை அழுத்துகிறது, தரை அதைத் திருப்பி அழுத்துகிறது, தரை திருப்பி அழுத்துவதற்குச் செவ்வன் மறுதாக்கம் என்று பெயர், அது கூடினால் உராய்வும் கூடும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். தேங்காய் திருவிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். "இதில என்னம்மா சிரிப்பு?" என்று கேட்டான். எனக்குச் சொல்ல வரவில்லை. வாயில் வராததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். அவர்களுடைய தாயும் தகப்பனும் நேரத்தோடு போய்விட்டதால் மாமாவை வளர்த்தது அம்மாதான். மாமா செங்கலடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூசன் வகுப்பு நடத்தினார். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுவாராம். வீட்டில் பேச்சே கிடையாது. சோறு போடவா என்று கேட்டால் ஒரு தலையசைப்பு. போதுமா என்று கேட்டாலும் அதே தலையசைப்புத்தான்.

ஆனால் கணக்குப் போட இடம் தருகிற எதையாவது கண்டுவிட்டால் ஆள் மாறிவிடுவார். ஒருமுறை அப்பா ஏணியில் நின்று கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். ஏணி ஏன் வழுக்காமல் நிற்கிறது, இன்னும் எவ்வளவு சரித்து வைத்தால் வழுக்கும் என்று மாமா கீழே நின்று விளக்கத் தொடங்கினார். அப்பா பாதி வரை கேட்டுவிட்டு, "மச்சான், நீ ஏணியப் புடி. அது காணும்" என்றார்.

வகுப்புக்காக மாமா ஒரு மரக்குற்றியும் விற்றராசும் வைத்திருந்தார். கொக்கியில் மாட்டி இழுத்தால் எவ்வளவு விசையில் இழுக்கிறோம் என்று முள் காட்டும் தராசு அது. புதிதாக ஏதாவது செய்து பார்க்கும்போது இழுக்கிற வேலை எனக்கு. சீமேந்துத் தரையில் இழுப்பேன், சாக்கின் மேல் இழுப்பேன், முற்றத்து மணலில் இழுப்பேன். இடத்துக்கு இடம் முள் வேறு வேறு இடத்தில் நிற்கும். குற்றியின் மேல் அம்மாவின் குழவிக்கல்லை வைத்து இழுத்தால் முள் இன்னும் கீழே போகும். பாரம் கூடினால் இழுப்பது கஷ்டம் என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டேன். அரிசி மூட்டையை இழுத்துப் பார்த்த எவருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அதை ஒரு முள் ஆடி ஆடிக் காட்டும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணம் சரிவரவில்லை. ஒரு இடம் முற்றாகி வந்து, கடைசியில் கெட்டுப்போனது. அந்த வீட்டில் தரைக்குச் சிவப்புச் சீமேந்து போட்டு, தேங்காய்ப் பூவால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். பெண் பலகாரத் தட்டோடு வந்தபோது கால் வழுக்கி விழுந்துவிட்டாள். எல்லாரும் பதறி எழும்பினார்கள். மாமா மட்டும் கதிரையை விட்டு அசையாமல், எண்ணெய்ப் பிடிப்புள்ள தரையில் உராய்வு குறைவு, அவ பாதத்தைப் பதித்து நடந்திருந்தால் விழுந்திருக்க மாட்டா என்று விளக்கினாராம். பெண் வீட்டாரிடமிருந்து மறுமொழி வரவே இல்லை.

அடுத்து வந்த இடம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். வயல்காரக் குடும்பம். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடு வரும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. அதனால் பேச்சு முற்றாகுமுன் மாப்பிள்ளை பகுதியார் போய் வட்டை என்கிற வயல்வெளியில் அந்த வயலைப் பார்த்து, பிறகு வீட்டைப் பார்த்து, பெண்ணையும் பார்த்துவிட்டு வருவார்கள். அப்படிப் போகிற இடத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். சோறு தின்னக்கூடாது. சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம்.

போக வேண்டியவர்கள் அப்பா, அம்மா, பேச்சுத் திறமைக்காகப் பெரியப்பா, பிறகு மாமா. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும். அம்மா காத்தான்குடியில் வாங்கி வைத்திருந்த நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டார். வெளிக்கிடும்போது மாமாவின் சேர்ட் கொலரைச் சரிசெய்தபடி சொன்னார்:

"தம்பி, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த உராய்வ வீட்டில வெச்சிட்டு வா. நீ வாயத் திறந்தாத் தெரியும். எனக்கு உன்ன ஒரு இடத்தில குடுத்திட்டுக் கண்ண மூடோணும்."

மாமா வழக்கம்போலத் தலையசைத்தார்.

வாவியைக் கடக்க, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏற வேண்டும். அந்த வருடங்களில் பாதை ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. ஏன் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. பின்னேரம் வெள்ளனவே கடைசிப் பாதை போய்விடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் அப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அக்கரையில் பெண்ணின் தகப்பனார் உழவு இயந்திரத்தோடு காத்திருந்தார். பின்னால் பெட்டி பூட்டி, அதில் புதுப்பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில் பெண்ணின் தாயார் இருந்தார். எனக்கு அவரைப் பார்த்ததும் பயம் வந்தது. நல்ல உயரம், உயரத்துக்கேற்ற உடம்பு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. காணி அவருடைய பெயரில் இருந்தது. இயந்திரமும் அவருடைய நெல்லில் வாங்கியது. தகப்பனார் மெலிந்த மனிதர், எதைச் சொன்னாலும் ஒருமுறை மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுவார்.

வயல் பார்த்தது நன்றாகவே நடந்தது. மாரி மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. பெரியப்பா எல்லையைப் பற்றியும் தண்ணீர் பாய்வதைப் பற்றியும் கேட்டுக்கொண்டே போனார். பெண்ணின் தாயார் வரம்பில் நின்று கையை நீட்டி, "அந்த மருதமரத்தடி மட்டும் எங்கட. எங்கம்மா எனக்குத் தந்த. நான் என்ட புள்ளைக்குக் குடுக்கிறன்" என்றார். மாமா வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

திரும்பி வரும்போதுதான் வினை. அவர்களுடைய வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வாய்க்காலைக் கடக்கிற பள்ளத்தில், இயந்திரம் புதைந்து நின்றுவிட்டது. பின்சில்லு இரண்டும் களிமண்ணில் சுற்றினவே தவிர முன்னுக்கு நகரவில்லை. எல்லாரும் பெட்டியிலிருந்து இறங்கினோம். அம்மா பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் வைக்க இடம் தேடினார். வயலில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து தள்ளினார்கள். அப்பாவும் தள்ளினார். அசையவில்லை. பெட்டியின் கொக்கியைக் கழற்றி இயந்திரத்தைத் தனியாக்கினார்கள். அதற்கும் அசையவில்லை. ஓட்டுகிற பெடியன் முறுக்க முறுக்க, சில்லு இன்னும் இன்னும் குழி பறித்தது.

பெண்ணின் தாயார் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "புள்ளோய்! வைக்கல் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு ஓடி வா!"

அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மாமாவின் வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் கையிலிருந்த குடையின் நுனி சேற்றில் எதையோ கீறிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு வட்டம். வட்டத்திலிருந்து கீழே போகிற ஒரு அம்புக்குறி. அடியிலிருந்து மேலே வருகிற இன்னொன்று. பக்கத்தில் சில இலக்கங்கள். அவற்றை அழித்தார், மீண்டும் எழுதினார்.

பெடியன் இன்னொரு தரம் முறுக்கினான்.

"நிப்பாட்டும் தம்பி!" என்று மாமா கத்திவிட்டார். "சுத்த விட்டா உராய்வு இன்னும் குறையும்!"

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாமாவை நிறுத்த எவராலும் முடியவில்லை. சேற்றில் இறங்கிச் சில்லடிக்குப் போய் நின்றுகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார். பின்சில்லுக்கு மேலே இருக்கிற பாரம் ஆயிரம் கிலோ என்று வைப்போம். இந்தச் சேற்றில் உராய்வுக் குணகம் கால் என்று வைப்போம். அப்படியானால் மண் பிடித்துக்கொடுப்பது ஆயிரத்தில் கால்பங்கு, இருநூற்றைம்பது. குழியை விட்டு ஏற முந்நூற்றைம்பதாவது வேண்டும். அதற்குச் சில்லின் மேல் ஆயிரத்து நானூறு கிலோ இருக்க வேண்டும். ஆகவே இன்னும் நானூறு கிலோ ஏற்ற வேண்டும்.

பெண்ணின் தகப்பனார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி மாமாவின் முகத்தைப் பார்த்தார். வயல்காரரில் ஒருவர், "புதைஞ்ச மெசினில பாரம் ஏத்தச் சொல்றாரோ?" என்று மற்றவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எனக்கும் அதே சந்தேகம்தான். குழவிக்கல்லை வைத்தால் இழுப்பது கஷ்டம் என்பது என் கையால் செய்து பார்த்த விஷயம். இப்போதுதான் பாரத்தைக் குறைக்க எல்லாரும் பெட்டியை விட்டு இறங்கினோம். பிறகு எதற்காகப் பாரத்தைக் கூட்டுவது? மாமாவின் சேர்ட்டை இழுத்துக் கேட்டேன். அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார். மாமாவுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று.

"இழுபடுற சாமானுக்கு மேல பாரம் வெச்சா, அது தரையோட ஒட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டும். அது நமக்கு எதிரி. இது இழுக்கிற சில்லு. இது தரையில ஒட்டோணும். ஒட்டினாத்தான் மண்ண உதைச்சுக்கொண்டு முன்னுக்குப் போகும். இதுக்கு மேல இரிக்கிற பாரம் நமக்குக் கூட்டாளி. பெட்டியில இருந்து இறங்கின ஆக்கள் சில்லுக்கு மேல இரிக்கிற மட்காட்டில ஏறோணும். விளங்கிச்சா?"

அரைவாசி விளங்கியது. அந்தச் சேற்றுக்குள் நின்றுகொண்டு, ஒரே பாரம் ஓரிடத்தில் எதிரியாகவும் ஓரடி தள்ளிப் போனால் கூட்டாளியாகவும் இருக்குமா என்று நான் யோசித்த யோசனையை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன். காலில் செருப்பு ஒன்று போய்விட்டதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

மாமா ஆள் ஆளாக நிறை கேட்கத் தொடங்கினார். அப்பா எழுபது என்றார். பெரியப்பா எண்பது என்றார், கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பெண்ணின் தகப்பனார் அறுபது. வயல்காரர் இருவரும் தங்களை நெல் மூட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆளுக்கு ஐம்பது என்று தீர்மானித்தார்கள். எனக்கு அந்த வயதில் கூட்டல் நன்றாக வரும். மாமா சொல்லுமுன்னே, "முந்நூற்றுப் பத்து" என்றேன்.

"இன்னும் தொண்ணூறு வேணும்" என்றார் மாமா. அவருடைய பார்வை சுற்றி வந்து ஒரு இடத்தில் நின்றது. அம்மா மெல்ல, "வேணாம் தம்பி" என்றது அவர் காதில் விழவில்லை.

பெண்ணின் தாயாரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு கேட்டார். "அம்மா, நீங்க எத்தின கிலோ?"

பெடியன் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். தாயார் பதில் சொல்லவில்லை. அவருக்கு நிறை தெரியாது போலும் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். ஆளை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, கணக்கில் சொல்வது போலவே, "ஒரு தொண்ணூறு எண்டு வைப்பம்" என்றார்.

"நான் என்ன நெல்லு மூட்டையா?" தாயாரின் குரல் உயரவில்லை. உயராததுதான் பயமாக இருந்தது. "என்ட காணியில நிண்டுகொண்டு, என்ட மெசினில என்னையே பாரமா ஏத்தப் போறியளோ?"

பெரியப்பா முன்னுக்கு வந்தார். பேச்சுத் திறமைக்காக அழைத்து வந்தவர் அல்லவா. "அப்பிடி இல்ல தங்கச்சி. பொடியன் ஒண்டும் குறைவாச் சொல்லல்ல. தொண்ணூறு எண்டா நல்ல உடம்புதானே" என்றார்.

"போச்சு" என்று அம்மா சொன்னார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கரை சேற்றில் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. எனக்கு அம்மா அழப்போகிறார் என்று தெரிந்தது. சிவப்புத் தரை வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளில் அவர் அழுததை நான் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் வைக்கோல் கட்டு ஒன்று வரம்பில் வந்து நின்றது. கட்டுக்குக் கீழே ஒரு பெண். முழங்கால் வரை சேற்றோடு, பாவாடையை இடுப்பில் சொருகி, தலைமயிரில் வைக்கோல் துரும்போடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள், எதையெல்லாம் கேட்டாள் என்று தெரியாது. கட்டைக் கீழே போட்டாள். நல்ல நேரம் பார்த்து, சேலை உடுத்தி, தட்டோடு வர வேண்டியவள் இவள்தான் என்று எனக்கே விளங்க ஒரு கணம் எடுத்தது.

"அம்மா ஏறத் தேவல்ல" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது குரலில் தெரிந்தது. "எல்லாரையும் நிறுத்தவர் தன்ன நிறுக்க மறந்திட்டார். அவர் ஒரு அம்பது இருப்பார். நான் நாப்பது. ரெண்டு பேரும் ஏறினாக் காணுந்தானே?"

மாமா குடை நுனியைப் பார்த்தார், சேற்றில் எழுதியிருந்த இலக்கங்களைப் பார்த்தார். இத்தனை பேரையும் கூட்டியவர் தன்னைக் கூட்டவில்லை. கணக்குப் போடுகிறவர் கணக்குக்கு வெளியில் நிற்பவர் என்று நினைத்துவிட்டார் போலும்.

"காணும்" என்றார்.

"புள்ள, நில்லு! என்ன வேல இது?" என்று தாயார் கத்துமுன்னே அவள் வலப்பக்க மட்காட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமா இடப்பக்கம் ஏறினார். சில்லைச் சுற்றி வளைந்த அந்தத் தகட்டில் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துக்கு ஒருவராகத் தொற்றினார்கள். தகப்பனார் முதன்முறையாக மனைவியின் முகத்தைப் பார்க்காமலே பின்பக்கத்துக் கொக்கிச் சட்டத்தில் ஏறி நின்றார், வயல்காரர் இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கொண்டுவந்த வைக்கோலைச் சில்லின் கீழே தள்ளினான் பெடியன்.

"மெல்ல, தம்பி. சுத்த விடாம, மெல்ல" என்றார் மாமா.

சில்லு ஒரு முறை வழுக்கியது. பிறகு பிடித்தது. பிடித்ததை நான் கண்ணால் கண்டேன். சுற்றிக்கொண்டே நின்ற சில்லு ஒரு கணம் தயங்கி, மண்ணைக் கவ்வி, தன்னையே தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஏறும்போது, குழிக்குள் இருந்த சேற்றை எல்லாம் வாரிப் பின்னால் வீசியது.

பின்னால் நின்றவர்கள் அம்மாவும் பெண்ணின் தாயாரும். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றதால் பாதி தப்பினேன்.

இயந்திரம் மேட்டில் போய் நின்றது. மேலே இருந்தவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பெண்களும் தலையிலிருந்து கால்வரை களிமண்ணாக நின்றார்கள். எது நீலப் பட்டு, எது மற்றச் சேலை என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் பேசினார்.

"அக்கா, உங்கட மூக்குத்தி மட்டுந்தான் தெரியுது."

பெண்ணின் தாயார் கையால் முகத்தை வழித்தார். வழித்ததில் சேறு இன்னும் பரவியது. பிறகு அவருடைய பெரிய உடம்பு மெதுவாகக் குலுங்கத் தொடங்கியது. முதலில் கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. "வாங்க, கிணத்தடிக்குப் போவம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டியை ஆண்கள் பிறகு கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள்.

கிணற்றடியில் அந்தப் பெண்தான் எங்களுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அம்மா குளித்துவிட்டுப் பெண்ணின் தாயாருடைய சேலை ஒன்றை உடுத்திக்கொண்டார். அது அம்மாவை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. அதற்குப் பிறகு எல்லாரும் பாயில் உட்கார்ந்து சோறு தின்றோம். கீரையும் பருப்பும், கடைசியில் சட்டியோடு எருமைத் தயிரும். சோறு தின்னக்கூடாது என்ற வழக்கம் நன்றாகத் தெரிந்த அப்பாவே இரண்டாம் முறையும் போட்டுத் தின்றார். நான் ஞாபகப்படுத்தப் பார்த்தேன். அம்மா என் வாயில் ஒரு கவளத்தை வைத்துவிட்டார். பெரியப்பா மருதமரத்து எல்லையைப் பற்றி மறுபடியும் கேட்கவில்லை. நல்ல நேரம் எப்போது வந்தது, எப்போது போனது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மாமா தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக, "கொஞ்சம் போடுங்க" என்று வாய் திறந்து சொன்னார்.

என் மனதில் ஒரு கேள்வி மட்டும் கிடந்தது. மாமா எல்லாருடைய நிறையையும் சத்தமாகக் கேட்டார், எல்லாரும் சத்தமாகச் சொன்னார்கள். தன்னுடைய நிறையை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், மாமா ஐம்பது கிலோ என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அவள் அடுத்த வாளியையும் என் தலையில் ஊற்றினாள். கண்ணுக்குள் தண்ணீர் போய்விட்டது.

திரும்பி வரும்போது பாதையில் மாமா ஓரமாக நின்றார். நான் போய், "மாமா, நீங்க எத்தின கிலோ?" என்று கேட்டேன்.

"சரியா அம்பது" என்றார்.

"அந்த அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கேட்ட எந்தக் கேள்வியையும் மாமா அதுவரை பதில் இல்லாமல் விட்டதில்லை. தெரியாததற்குக்கூட, இன்னதென்று வைப்போம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். அன்றைக்கு வாவித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. வெயில் என்று நினைத்தேன்.

எங்கள் கரை வந்து சேரும் முன் நானே ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் வயல்காரர்கள். மூட்டையைக் கண்டதும் இத்தனை கிலோ என்று சொல்லிப் பழகியவர்கள். வைக்கோல் கட்டோடு வரம்பில் வந்து நின்றதும், இவர் ஐம்பது என்று அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். அவள் எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள், எதற்காகப் பார்த்திருப்பாள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்கு என் விடை முழுத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மாமா வழக்கம்போல் வகுப்புக்குப் போனார். அம்மா பெண்ணின் தாயாருடைய சேலையைத் தோய்த்து வேலியில் காயப்போட்டார். எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தார்கள்.